தட்டில் லாரி, திரையில் குப்பை: ரியல் மோட் இன்டரப்டுக்கு பஃபர் கொடுக்கும்போது வரும் பிழைகள்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற வழியில் ஒரு ஜவ்வரிசி ஆலை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி எடைமேடையில் நிற்கிறது, பின்னால் இன்னும் ஆறு வண்டி. எடை வர வேண்டிய இடத்தில் திரை 1792 என்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, வெறும் வண்டியே இதுக்கு மேல வருமுங்களே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

அங்கே இன்னும் ஓடுவது டாஸ் மெஷின். எடையைப் படிக்கிற கார்டு ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகுவது. அதைச் செய்தவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. கார்டோடு வந்த டிஎஸ்ஆர் (பின்னணியிலேயே தங்கியிருக்கும் சின்னப் புரோகிராம்) ஒன்று மெமரியில் உட்கார்ந்து இன்டரப்ட் 60 என்ற அழைப்பு எண்ணில் காத்திருக்கும். ஏஎச் ரெஜிஸ்டரில் 2 வைத்து, இஎஸ்:டிஐ ரெஜிஸ்டர் ஜோடியில் 32 பைட் பஃபர் ஒன்றின் முகவரியைக் கொடுத்துக் கூப்பிட்டால் எடையை அதில் எழுதிக் கொடுக்கும். டர்போ சி-யில் எழுதிய பழைய 16 பிட் புரோகிராமில் இது பல வருடம் ஒழுங்காக ஓடியது. கிழங்கு சீசன் கணக்கு 640 கேபி-க்குள் அடங்காமல் போகவே, நான் அதை டிஜேஜிபிபி என்ற 32 பிட் சி கம்பைலருக்கு மாற்றினேன். வினை அங்கே தொடங்கியது.

அன்று பட்டதையும் அதற்குப் பிறகு வேறு இடங்களில் பட்டதையும் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களிடம் எடைமேடை இல்லாமல் பழைய கிராஃபிக்ஸ் கார்டோ, மவுஸோ, ஃபிளாப்பியோ இருக்கலாம், நோய் ஒன்றுதான். டிஜேஜிபிபி, அதன் புரோகிராமை டாஸில் ஓடவைத்து ரியல் மோடுக்குப் போய்வர உதவுகிற டிபிஎம்ஐ புரோகிராமான சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ, இந்தக் கூட்டணியை வைத்தே சொல்கிறேன், வாட்காம் கம்பைலர்காரர்களுக்குப் பிற்பகுதியில் நாலு வரி உண்டு. இன்டரப்ட் எண், ஃபங்ஷன் எண், முகவரி எல்லாம் ஹெக்ஸ். மற்ற எண்கள் சாதாரணக் கணக்கு. ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், ஹெடர் ஃபைலைத் திறந்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

மலையும் அடிவாரமும்

ரியல் மோட் கோடுக்கு 8086 காலத்துப் பழக்கம். அந்தச் சிப்புக்கு முகவரிக் கம்பி 20 தான். 1 எம்பி-க்கு மேல் அதற்கு உலகமே கிடையாது. முகவரியையும் செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டு 16 பிட் எண்ணாகச் சொன்னால்தான் புரியும். செக்மென்ட்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் வருவது உண்மையான இடம். நம் சி புரோகிராமோ 386-இன் புரொடெக்டட் மோடில், 32 பிட் பாயிண்டரோடு, வழக்கமாக அந்த 1 எம்பி-க்கு மேலே குடியிருக்கிறது.

ஏற்காடு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எஸ்டேட் மேலே இருக்கிறது. மூட்டை எடுக்க வருகிற லாரி மலை ஏறாது, அடிவாரத்திலேயே நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே களத்தில் கிடக்கிற மூட்டையைக் காட்டி "அதோ எடுத்துக்கோ" என்றால் லாரிக்காரன் எங்கே போவான்? மூட்டையை அடிவாரக் கிடங்குக்கு இறக்க வேண்டும். கிடங்கு எங்கே என்பதை அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவன் கிடங்கில் வைத்துவிட்டுப் போனதை நாம்தான் மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவு 20, 8086-க்குக் கம்பி 20. தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்காமல் இருக்கிறது.

அந்தக் கிடங்குக்கு டிஜேஜிபிபி-யில் டிரான்ஸ்ஃபர் பஃபர் என்று பெயர். புரோகிராம் தொடங்கும்போதே 1 எம்பி-க்குள் எடுத்து வைத்திருக்கும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அளவு 16 கேபி, லீனியர் முகவரி (பெருக்கிக் கூட்டி வருகிற அந்த ஒற்றை எண்) __டிபி-யில். ஆக ஒரு சரியான அழைப்பு இப்படித்தான் இருக்கும்:

    மெம்செட்(&ரெஜ், 0, சைஸ்ஆஃப்(ரெஜ்));
    ரெஜ்.எச்.ஏஎச் = 2;
    ரெஜ்.எக்ஸ்.இஎஸ் = __டிபி >> 4;
    ரெஜ்.எக்ஸ்.டிஐ = __டிபி & 15;
    டாஸ்மெம்புட்(&எடை, 32, __டிபி);
    __டிபிஎம்ஐ_இன்ட்(96, &ரெஜ்);
    டாஸ்மெம்கெட்(__டிபி, 32, &எடை);

96 என்பது ஹெக்ஸ் 60. டாஸ்மெம்புட் கீழே இறக்குவது, டாஸ்மெம்கெட் மேலே ஏற்றுவது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஏழு வரியில் ஏதோ ஒன்றைத் தவறாகவோ, இடம் மாற்றியோ எழுதியதால் வந்தவை.

தேடுவதற்கு முன்: மாவு தூவி வைப்பது

யாரோ ராத்திரி வந்து போகிறார்களா என்று பார்க்க வாசலில் மாவு தூவி வைப்பார்களே, அதே வேலை. கூப்பிடுவதற்கு முன்னால் கீழே உள்ள பஃபரை ஹெக்ஸ் 55-ஆல் நிரப்புங்கள். எழுத்தாக அச்சிட்டால் அது ஆங்கில யூ. டாஸ்மெம்புட் முடிந்த பிறகு மேலே உள்ள எடை ஸ்ட்ரக்டை ஹெக்ஸ் 33-ஆல் நிரப்புங்கள். அது 3 என்ற இலக்கமாகத் தெரியும். எல்லாம் முடிந்தபின் மேலே உள்ள ஸ்ட்ரக்டை பைட் பைட்டாக அச்சிட்டுப் பாருங்கள்.

3 நின்றால், கீழிருந்து மேலே எதுவும் ஏறவில்லை. யூ நின்றால், ஏறியது சரி, ஆனால் இன்டரப்ட் அந்த இடத்தில் எழுதவே இல்லை. இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால், எழுதியிருக்கிறது. நாம்தான் தப்பாகப் படிக்கிறோம். பஃபரைச் சுழியால் நிரப்பிவிட்டு சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். காலித் தட்டின் எடையும் சுழிதான், எழுதாத பஃபரும் சுழிதான். எதைப் பார்த்தோம் என்றே தெரியாது.

புரோகிராம் தொடங்கவே இல்லை, "லோட் எரர்: நோ டிபிஎம்ஐ" என்கிறது

சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ ஃபைலைப் புரோகிராம் இருக்கிற அதே டைரக்டரியில் போடுங்கள். டாஸ்பாக்ஸிலும் இதுவேதான். முடிந்தது.

பைட் எல்லாம் யூ

அழைப்பு முடிந்தது, தகராறு ஒன்றும் இல்லை, பஃபர் மட்டும் தூவிய மாவோடு அப்படியே இருக்கிறது. என் முதல் பிழை இதுதான். டர்போ சி-யில் எழுதிய பழக்கத்தில் டிஐ-யில் ஸ்ட்ரக்டின் முகவரியையே நேராகப் போட்டுவிட்டேன். 32 பிட் பாயிண்டரின் கீழ்ப்பாதி மட்டும் டிஐ-யில் ஏறியது, மேல்பாதி உதிர்ந்தது. இஎஸ்-ல் மெம்செட் வைத்த சுழி.

அப்படியானால் டிஎஸ்ஆர் எங்கே எழுதியது? செக்மென்ட் சுழியில், மெமரியின் முதல் 64 கேபி-க்குள் எங்கோ. அதில் முதல் 1024 பைட் இன்டரப்ட் வெக்டர் அட்டவணை, அதற்கு மேல் பயாஸ் தன் சொந்தக் கணக்கை வைத்திருக்கும் இடம், அப்புறம் டாஸ். ஒவ்வொரு லாரிக்கும் 32 பைட் அங்கே போய் விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் முழுக்கக் குற்றம் தெரியவில்லை; மறுநாள் கீபோர்டு உறைந்தது. கீபோர்டை மாற்றினோம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. டிஜேஜிபிபி-யில் பாயிண்டரை அச்சிட்டுப் பார்த்தால் சின்ன எண்ணாகத்தான் வரும், பல நேரம் 1 எம்பி-க்கும் குறைவாக. "மாமா, இது ஏற்கெனவே 1 எம்பி-க்குள்ளதானே இருக்கு, அப்புறம் ஏன் இறக்கணும்?" என்று அக்கா மகன் கேட்டான். அந்த எண் நம் டேட்டா செக்மென்ட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. அந்தத் தொடக்கம் மெமரியின் சுழியில் இல்லை, மலை மேலே எங்கோ. எஸ்டேட்டில் மூன்றாம் நம்பர் கொட்டகை இருப்பதால் அது சேலம் கடைவீதி மூன்றாம் நம்பர் கடை ஆகிவிடாது.

முகவரியைப் பிரித்ததில் பிழை இருந்தாலும் யூ நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். __டிபி 24680 என்று வைத்துக்கொள்வோம். செக்மென்ட் 2468, ஆஃப்செட் 0. சிலர் செக்மென்ட்டைச் சரியாக எடுத்துவிட்டு, ஆஃப்செட்டுக்குக் கடைசி நான்கு இலக்கத்தை அப்படியே போடுவார்கள், அதாவது 4680. இஎஸ் ஏற்கெனவே முழு இடத்தையும் காட்டிவிட்டது; அதோடு 4680 சேர்ந்தால் 18048 பைட் தள்ளிப் போய் விழும். கிடங்கே 16384 பைட்தான். பக்கத்து வீட்டில் எழுதியாயிற்று.

இன்ட்86எக்ஸ் பயன்படுத்துகிறீர்களா? டாஸின் இன்டரப்ட் 21-இன் பல ஃபங்ஷன்களுக்கு லைப்ரரியே பஃபரை இறக்கி ஏற்றிக் கொடுத்துவிடும். அதை நம்பி மற்ற இன்டரப்டுக்கும் அதையே எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு உங்கள் டிஎஸ்ஆர் யாரென்றே தெரியாது. பஃபர் சம்பந்தப்பட்ட எதற்கும் நான் __டிபிஎம்ஐ_இன்ட் தவிர வேறு தொடுவதில்லை.

பைட் எல்லாம் 3

டாஸ்மெம்கெட்டை மறந்திருப்பீர்கள், அல்லது ஆர்க்யுமென்டை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். புட்டில் நம் பஃபர் முதலில், கீழ் முகவரி கடைசியில். கெட்டில் கீழ் முகவரி முதலில், நம் பஃபர் கடைசியில். எங்கிருந்து, எவ்வளவு, எங்கே என்று வாசித்தால் இரண்டுக்கும் ஒரே வரிசைதான். கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கும். எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்காது.

ரிட்டர்ன் 0, ஆனால் வேலை நடக்கவில்லை

__டிபிஎம்ஐ_இன்ட் 0 திருப்பினால், "உங்கள் இன்டரப்டை ரியல் மோடில் கூப்பிட்டேன், திரும்பி வந்துவிட்டேன்" என்று டிபிஎம்ஐ சொல்கிறது. அவ்வளவுதான். போன இடத்தில் காரியம் ஆனதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் ரெஜிஸ்டர்களில் இருக்கிறது. டாஸ் என்றால் பெரும்பாலும் கேரி ஃபிளாக்: ரெஜ்.எக்ஸ்.ஃபிளாக்ஸ்-இன் கடைசி பிட் 1 என்றால் தோல்வி, ஏஎக்ஸ்-ல் பிழை எண். வெசா (கிராஃபிக்ஸ் கார்டுகளின் பொதுத் தரம்) என்றால் ஏஎல்-ல் 4எஃப், ஏஎச்-ல் 0 வர வேண்டும். கேரியை அது கண்டுகொள்ளாது. எங்கள் டிஎஸ்ஆர் ஏஎல்-ல் 1 வைத்தால் தட்டு இன்னும் ஆடுகிறது, எடை நிற்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் பஃபரைப் படித்தால் முந்தைய லாரியின் எடைதான் வரும். கிழங்குக்காரர்கள் இதை நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

ஒரு பிரின்ட்எஃப் போட்டால் கெடுகிறது, எடுத்தால் சரியாகிறது

தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற அறிகுறி இது. எடை வரவில்லை என்று பார்க்க, டாஸ்மெம்புட்டுக்கும் இன்டரப்டுக்கும் நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டேன். அதுவரை பாதி நேரம் சரியாக வந்தது, அதற்குப் பிறகு எப்போதுமே தப்பு. இன்னும் நாலு பிரின்ட்எஃப் போட்டேன். இன்னும் மோசமானது.

அடிவாரக் கிடங்கு நமக்கு மட்டும் சொந்தமில்லை. திரையில் எழுத, ஃபைல் திறக்க, ஃபைலைப் படிக்க லைப்ரரியும் டாஸைத்தான் கூப்பிடுகிறது. அதுவும் தன் மூட்டையை அதே டிரான்ஸ்ஃபர் பஃபரில்தான் இறக்குகிறது. நாம் இறக்கி வைத்ததன் மேல் பிரின்ட்எஃப்-இன் எழுத்து விழுந்தது. டிஎஸ்ஆருக்குப் போனது "இங்கே வந்துவிட்டேன்" என்ற என் சொந்த டீபக் வரியின் முதல் 32 பைட்.

புட், இன்டரப்ட், கெட் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். நடுவில் எதையும் நுழைக்காதீர்கள், லாக் ஃபைலில் எழுதுவதைக்கூட. பார்க்க வேண்டியதை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்து, கெட் முடிந்தபின் அச்சிடுங்கள்.

கீழே உள்ள கோட் உங்கள் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு பிற்பாடு எழுதுகிற ரகமாக இருந்தால் இந்த ஒழுக்கமும் போதாது. அதற்கு டிரான்ஸ்ஃபர் பஃபரைக் கொடுக்கவே கூடாது. __டிபிஎம்ஐ_அலோகேட்_டாஸ்_மெமரி கொண்டு உங்களுக்கென்று ஒரு கிடங்கு கட்டிக்கொள்ளுங்கள். அளவை பைட்டில் கேட்காது, 16 பைட் கொண்ட பாராகிராஃபில் கேட்கும். 32 பைட்டுக்கு 2. திரும்பி வருவது செக்மென்ட், அதை இஎஸ்-ல் போடலாம். கூடவே ஒரு செலக்டரும் (புரொடெக்டட் மோடில் அந்த இடத்தைக் குறிக்கும் எண்) தரும். திருப்பிக் கொடுக்கும்போது செலக்டரைத்தான் கொடுக்க வேண்டும். செக்மென்ட்டைக் கொடுத்தால் விடுவிக்காது, உங்களுக்கும் தெரியாது. சாயங்காலம் அடிவாரத்தில் இடமில்லை என்று வந்து நிற்கும்.

எண் வருகிறது, ஆனால் அபத்தமான எண்

இப்போது அந்த 1792.

மாவு சோதனையில் யூ-வும் இல்லை, 3-ம் இல்லை. எழுதியிருக்கிறது, ஏறியும் வந்திருக்கிறது. லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு துருவ முடியாது. பழைய புரோகிராமைப் போட்டு எடை போட்டு அனுப்பிவிட்டு, புதியது திரையில் காட்டிய எண்களை மட்டும் சீட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் சீட்டைப் பார்த்தால் 1792, 2048, 2304, 2560. ஒவ்வொரு வண்டியும் முந்தையதைவிடச் சரியாக 256 கிலோ கூடுதல். எந்தத் தோட்டத்திலும் கிழங்கு அப்படி விளையாது. 256-ஆல் வகுத்தால் 7, 8, 9, 10. அது அன்றைய சீட்டு எண்.

டிஎஸ்ஆர் எழுதுகிற பதிவின் அமைப்பு இது: பைட் 0-ல் நிலை, 1 முதல் 4 வரை எடை, 5, 6-ல் சீட்டு எண், 7-ல் சுழி, மற்றவை அதற்குப் பின். ஏழாம் சீட்டின் எடை 18460 கிலோ, ஹெக்ஸில் 481சி. மெமரியில் இப்படி உட்கார்ந்திருக்கும்:

    01  1சி 48 00 00  07 00  00

நான் எழுதிய ஸ்ட்ரக்டிலும் முதலில் ஒரு சார், அடுத்து ஒரு லாங். ஆனால் டிஜேஜிபிபி-க்குள் இருக்கிற ஜிசிசி லாங்கை 4-ஆல் வகுபடும் இடத்தில் வைக்கப் பார்க்கும். நடுவில் மூன்று பைட் இடைவெளி விட்டுவிட்டது. அதனால் எடை என்று அது படித்தது பைட் 4 முதல் 7 வரை: 00, 07, 00, 00. சிறிய பைட் முதலில் என்பதால் 7 பெருக்கல் 256, அதாவது 1792. எடையின் கடைசித் துண்டும் சீட்டு எண்ணும் ஒட்டிப்பிறந்த குழந்தை.

ஸ்ட்ரக்டுக்கு பேக்டு அட்ரிபியூட் கொடுத்தால் இடைவெளி போய்விடும். ஸ்ட்ரக்டின் மேல் மட்டும் நம்பிக்கை வைக்காமல் சைஸ்ஆஃப் எவ்வளவு என்று ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். கூடவே இன்ட் என்று எழுதிய இடங்களையும் தேடுங்கள். டர்போ சி-யில் இன்ட் 2 பைட், இங்கே 4 பைட். சீட்டு எண்ணை இன்ட் என்றே விட்டிருந்தால் பேக்டு கொடுத்த பின்னும் அதற்கு அடுத்த ஃபீல்டெல்லாம் இரண்டு பைட் நகர்ந்திருக்கும். ஷார்ட் என்று மாற்ற வேண்டும். எங்கள் ஊரில் கிழங்குக்கு விலை ஸ்டார்ச் பாயிண்டை வைத்துத்தான், அதுவும் இதே பதிவில் வரும். பாயிண்டரில் தப்பினால் பாயிண்டில் அடி.

வெசாவைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். இன்டரப்ட் 10, ஃபங்ஷன் 4எஃப்00 தருகிற தகவலில் முதல் 4 பைட் அடையாள எழுத்து, அடுத்த 2 பைட் பதிப்பு எண், அதற்கடுத்து 4 பைட் பாயிண்டர், ஆறாவது பைட்டில் தொடங்குகிறது. பேக்டு இல்லாவிட்டால் கம்பைலர் அதை எட்டுக்குத் தள்ளிவிடும். பதிப்பு எண் சரியாக வந்து, அதற்குப் பின் எல்லாம் உளறலாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

பஃபர் சரி, அதற்குள் இருக்கிற பாயிண்டர் செத்துப்போகிறது

மேலே சொன்ன வெசா பாயிண்டர் செக்மென்ட்:ஆஃப்செட் வடிவில் இருப்பது. அதைச் சி பாயிண்டராக நினைத்துத் தொட்டால் எஸ்ஐஜிசெக்வி, அதாவது தொடக் கூடாத இடத்தைத் தொட்ட பிழை. மேல் 16 பிட்டை 16-ஆல் பெருக்கி, கீழ் 16 பிட்டைக் கூட்டி, வந்த லீனியர் முகவரியிலிருந்து டாஸ்மெம்கெட் செய்ய வேண்டும். அதையும் உடனே செய்யுங்கள். மோட் பட்டியல் நீங்கள் கொடுத்த அதே பஃபரின் பின்பகுதியிலேயே இருக்கலாம். அடுத்து ஒரு மோடின் விவரம் தருகிற 4எஃப்01-ஐ அதே டிரான்ஸ்ஃபர் பஃபரோடு கூப்பிட்டால் பட்டியலின் மேலேயே எழுதிக்கொள்வீர்கள். முதல் மோட் சரியாக வந்து இரண்டாவதிலிருந்து கோளாறு என்றால் இதுதான்.

எதிர்த்திசையிலும் உண்டு. டிஸ்க்கைப் படிக்கிற இன்டரப்ட் 13, ஃபங்ஷன் 42-க்குக் கொடுக்கிற 16 பைட் பொட்டலத்துக்குள்ளேயே டேட்டா பஃபரின் முகவரி இருக்கும். பொட்டலத்தை மட்டும் அடிவாரத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே மலை மேல் முகவரியை எழுதி அனுப்பக் கூடாது. இரண்டையும் கீழே வையுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.

பெரிய பஃபர் கொடுத்தால் மெஷின் படுத்துவிடுகிறது

ஆலைக் கணக்கைப் பழைய வழக்கப்படி ஃபிளாப்பியில் எடுத்து வைப்பார்கள். அதைச் சரிபார்க்க இன்டரப்ட் 13-ல் டிராக் டிராக்காகப் படித்தேன். 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஒரு டிராக்குக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், மொத்தம் 9216. பிரச்சினை இல்லை. வேகம் வேண்டும் என்று இரண்டு பக்கத்தையும் டிரான்ஸ்ஃபர் பஃபரில் அடுத்தடுத்து வாங்கினேன்: 18432. கிடங்கு 16384. மிச்சம் 2048 பைட் சுவரைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் டாஸ் தன் மெமரிப் பங்கீட்டுக் கணக்கை எழுதி வைத்திருந்தால் புரோகிராம் ஓடும்போது ஒன்றும் தெரியாது, அது முடிந்து வெளியே வரும்போது டாஸ் விழும். வெளியே வருகிற நொடியில் மெஷின் நின்றால் எங்கோ அளவு மீறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

டிஜேஜிபிபி-யோடு வருகிற ஸ்டப்எடிட் கொண்டு பஃப்சைஸை 32 கேபி ஆக்கலாம், அல்லது தனிக் கிடங்கு எடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், உடனே அடுத்த தலைவலி வந்தது: ஏஎச்-ல் பிழை எண் 9. ஃபிளாப்பி டிஎம்ஏ (சிபியு நடுவில் வராமல் மெமரிக்கு நேராக எழுதும் வழி) வழியாகப் படிக்கிறது. டிஎம்ஏ-வால் ஒரு 64 கேபி எல்லையைத் தாண்டி எழுத முடியாது. என் தொகுதியின் நடுவில் அந்த எல்லை ஓடியது. தேவையைப் போல இரண்டு மடங்கு இடம் கேட்டு வாங்கி, எல்லை குறுக்கே வராத பாதியைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

அழைத்த இடத்திலேயே உறைந்துவிடுகிறது

__டிபிஎம்ஐ_இன்ட் அல்லாமல் __டிபிஎம்ஐ_சிமுலேட்_ரியல்_மோட்_இன்டரப்டைக் கூப்பிட்டிருக்கிறீர்களா, மெம்செட் இல்லாமல்? அப்படியானால் எஸ்எஸ்:எஸ்பி-யில் முன்பு கிடந்த குப்பை ஸ்டாக் ஆகிவிட்டது. இரண்டிலும் சுழி இருந்தால் டிபிஎம்ஐ தானே ஒரு ஸ்டாக் கொடுக்கும். இன்ட் வடிவம் அதை நமக்காகப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் டிபிஎம்ஐ 0.9 விதிப்படி அந்த ஸ்டாக்கில் உறுதியாகக் கிடைப்பது 30 வேர்ட் மட்டுமே. டிஎஸ்ஆர் அதைவிட அதிகம் ஸ்டாக் தின்பதாக இருந்தால், கீழே ஒரு 4 கேபி தொகுதி எடுத்து எஸ்எஸ்-ல் அதன் செக்மென்ட்டையும் எஸ்பி-யில் அதன் முடிவையும் வைத்து, சிமுலேட் வடிவத்தைக் கூப்பிடுங்கள்.

வாட்காம், டாஸ்/4ஜிடபிள்யூ

இங்கே செக்மென்ட் அடிப்படை சுழி. கீழ் மெமரியைச் சாதாரணப் பாயிண்டராலேயே தொடலாம், புட், கெட் வேண்டாம். அதனாலேயே பலர் பஃபரையும் மலை மேலிருந்து நேராகக் கொடுத்துவிடுகிறார்கள். கிடங்கு அப்போதும் வேண்டும்: இன்டரப்ட் 31, ஃபங்ஷன் 100-ல் வாங்கி, ஃபங்ஷன் 300-ல் ரியல் மோட் இன்டரப்டைக் கூப்பிடுங்கள். அந்த 300 அழைப்பே பாதுகாப்புப் பிழையில் விழுந்தால், இன்ட்386எக்ஸ்-க்குக் கொடுத்த எஸ்ரெஜ்ஸில் (செக்மென்ட் ரெஜிஸ்டர்களின் ஸ்ட்ரக்ட்) குப்பை இருக்கிறது. செக்ரீட் கூப்பிட்டு நிரப்பிவிட்டுக் கொடுங்கள்.

மூன்று மணி நேரம் நன்றாக ஓடி, திடீரென்று விழுகிறது

எங்கள் டிஎஸ்ஆரில் இன்னொரு ஃபங்ஷன் உண்டு. எடை நின்றதும் நாம் கொடுத்த முகவரியைத் தானே கூப்பிடும். ரியல் மோட் கோட் நம் சி ஃபங்ஷனை நேராகக் கூப்பிட முடியாது. ரியல் மோட் கால்பேக் (அங்கிருந்து நம் ஃபங்ஷனுக்கு டிபிஎம்ஐ தருகிற வாசல்) ஒன்று எடுத்து, அது தருகிற செக்மென்ட்:ஆஃப்செட்டைக் கொடுத்தோம். காலையில் ஓடும். மத்தியானம் வரிசை நீண்டு, கணக்கு பெரிதானதும் விழும்.

சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ மெமரி போதாதபோது சில பக்கங்களை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். கால்பேக் வந்த நேரத்தில் அது தொடுகிற கோடோ வேரியபிளோ டிஸ்கில் இருந்தால், அதை எடுக்க டாஸைக் கூப்பிட வேண்டும். டாஸ் அப்போது வேறு வேலையில் இருந்தால் கதை முடிந்தது. கால்பேக் தொடுகிற ஒவ்வொன்றையும், அதன் ரெஜிஸ்டர் ஸ்ட்ரக்ட் உட்பட, டிஸ்குக்குப் போகாதபடி மெமரியிலேயே பூட்டி வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிப் பூட்டுவது நல்ல பழக்கம். நான் செய்தது சோம்பேறி வழி: _சிஆர்டி0_ஸ்டார்ட்அப்_ஃபிளாக்ஸில் லாக் மெமரியைப் போட்டு மொத்தப் புரோகிராமையும் பூட்டினேன். ஆலை மெஷினில் ராம் போதுமானதாக இருந்தது, அன்றைக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் வண்டிகள் போனபின் கடைசிச் சோதனை. தட்டு காலியாக இருந்தால் சுழி வரும், அதை நம்புவதில்லை என்று சொல்லியிருந்தேனே. அதனால் நானே மேடையில் ஏறி நடுவில் நின்றேன். உள்ளேயிருந்து மருமகன் கத்தினான்: "மாமா, எண்பது!" எடைமேடை பத்து பத்தாகத்தான் காட்டும், அதில் கொஞ்சம் என் தோள்பை என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.